அசைந்தவர்களுக்கு ஓர் அழைப்பு

1

வாசகரே, கையிலிருக்கும் வேலையைச் சற்றே கீழே வையுங்கள். உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

என் அக்காவின் மருத்துவ அறிக்கையில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "நோயாளி ஒத்துழைக்கவில்லை." அந்த வரி பொய். அறியாமல் எழுதப்பட்ட பொய்தான். அறியாமை அதை உண்மையாக்கிவிடாது. அந்தப் பொய்யின்மேல் நின்றுகொண்டு, ஒரு பெண்ணின் மண்டையோட்டைத் திறப்பதா வேண்டாமா என்று இப்போது ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அநீதி இன்னதென்று மேடைமேடையாய் ஏறித் தொண்டை கிழியப் பேசியவன் நான். அந்த அநீதி இத்தனை மெல்லிய குரலில், இத்தனை மரியாதையாக, கணினியிலிருந்து வெள்ளைத் தாளில் இறங்கி வரும் என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கதையின் பிறப்பை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, துண்டறிக்கையாகப் பிறந்தது. இரண்டு பக்கம். என் பழைய பாணியில், பத்திக்குப் பத்தி இடிமுழக்கம். எழுதி முடித்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் சன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு. எப்படி இருக்கு?"

"ஆச்சரியக்குறியா எண்ணிக்கிட்டே வந்தேன்டா. பாதியில எண்ணிக்கை விட்டுப்போச்சு. ஒருத்தர் காதுல இத்தனை தடவை கத்தினா அவர் என்ன பண்ணுவார்? காதைப் பொத்திப்பார். கதையா எழுது."

"கதைன்னா மட்டும் கேட்பாங்களா?"

"அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கவாவது கடைசி வரைக்கும் வருவாங்க."

"என்ன ஆகும்னு எனக்கே தெரியாதே, அக்கா."

"அதையும் எழுது."

எழுதுகிறேன்.

2

கதைக்குத் தொடக்கம் வேண்டும். மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். கைவிட்டதை மறைப்பது எங்கள் மேடையில் பழக்கமில்லை.

[விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைய, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையை—]

ஊரே மூச்சைப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. பாதிப்பேர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. நீக்கினேன்.

[வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள், தமக்குரிய அதிர்வெண்ணில்—]

இதை ஓர் இயற்பியலறிஞரிடம் காட்டினேன். அவர் இக்கதையில் பின்னால் வருகிறார். அவர் சிரித்துவிட்டார். "இது என் ஆய்வுக் கட்டுரையோட முதல் வரி மாதிரியே இருக்கு சார். அதை எழுதின நானே ரெண்டாம் தடவை படிக்கல." நீக்கினேன்.

[என் பாவப்பட்ட அக்கா—]

இதை அக்காவே என் பேனாவைப் பிடுங்கி அடித்தாள். "பாவம்னு எழுதினா இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது." நீக்கினேன்; சாப்பிட்டேன்.

ஆகவே தொடக்கமில்லாமலே தொடங்குகிறேன்.

3

ஒரு காலத்தில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. வாடகை லாரி ஒன்று, மடித்துக் கட்டிய திரைகள் நான்கு, ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் பதினோரு பேர். வசனம் நான் எழுதினேன். வாசலில் நின்று துண்டறிக்கையும் நானே விற்றேன். அக்கா நடித்தாள். அத்தான், அதாவது மறைந்துவிட்ட அவள் கணவர், மேடையோரம் ஒரு முக்காலியில் அமர்ந்து டிரம் வாசித்தார். திரைச் சாயத்தின் பசை வாடையும், லாரித் தார்ப்பாயில் மழை விழும் ஓசையும், விடியலில் ஏதோ ஒரு சாலையோரத்தில் பதினோரு பேரும் ஒரே குழாயில் முகம் கழுவியதும் இன்று யாரோ ஒரு பாக்கியவானின் வாழ்க்கைபோல் தோன்றுகின்றன. அந்தப் பாக்கியவானுக்கு அப்போது முதுகுவலி. யார்மீதாவது எப்போதும் கோபம்.

எங்கள் நாடகங்களில் ஒன்று மட்டும் ஊர் ஊராய் ஓடியது. படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணை ஊர் கல்லாக்கிவிடுகிறது. முதல் அங்கம் முழுக்க அவள் கடைவீதி நடுவே பீடத்தில் நிற்பாள். அவளைச் சுற்றி வியாபாரம் நடக்கும். ஒருவன் அவள் கையில் சட்டையை மாட்டுவான். ஒருவன் அவள் முதுகில் சாய்ந்து அரசியல் பேசுவான். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அங்கத்தின் முடிவில் கல் வாயைத் திறக்கும்: "நான் எப்போது கல்லானேன் என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?"

அந்த ஒரு வரிக்காக அவள் அத்தனை நேரம் நின்றாள். நிற்பது பொம்மையா, ஆளா என்று அவையில் பந்தயம் கட்டுவார்கள். ஓர் ஊரில் ஒருவர் மேடையேறி வந்து குடைக்கம்பியால் விலாவில் குத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. "நல்ல களிமண்" என்று சான்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இதில் ஒரு தொழில்முறை இருந்தது. அதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கம் நெடியது என்பதால் இடையிடையே திரை விழும். அத்தானின் டிரம் முழங்கிக்கொண்டிருக்கும்வரை அக்கா கல். டிரம் நின்றால் திரை விழுந்துவிட்டது என்று பொருள். உடனே கைகால் உதறுவாள், தண்ணீர் கேட்பாள், நீளமான வசனம் எழுதியதற்காக என்னைத் திட்டுவாள். மறுபடி டிரம் முழங்கியதும் திட்டின வாய் திறந்தபடியே கல்லாகிவிடும். அவள் கண் திரையைப் பார்த்ததே இல்லை. காதுதான் பார்த்தது. ஆண்டுக்கணக்கில், ஊர்க்கணக்கில் அப்படியே நடந்து, அது எலும்புக்குள் போய்விட்டது.

4

இனி நோய்க்கு வருகிறேன். இந்தப் பகுதியை அழாமல் எழுதவேண்டும் என்பது அக்காவின் கட்டளை.

சில ஆண்டுகளுக்கு முன் அவள் தலையின் இடப்பக்கத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இப்போது அதே இடத்தில், ஸ்கேன் படத்தில், ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. அது திரும்ப முளைத்த கட்டியாக இருக்கலாம். அல்லது கதிர்வீச்சால் செத்துப்போன திசுவாக, வெறும் தழும்பாக இருக்கலாம். வழக்கமான படங்களில் இரண்டும் ஒரே வெள்ளை. கட்டி என்றால் தலையைத் திறந்தே ஆகவேண்டும். தழும்பு என்றால் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். திட்டு இருப்பது பேச்சு பிறக்கும் இடத்தின் விளிம்பில். அறுவை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: "திறந்தா, பேச்சு திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

பேச்சு! எங்கள் வீட்டில் நகை நட்டு என்று இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

(மேலே இருப்பது ஓர் ஆச்சரியக்குறி. ஒன்றே ஒன்று. விட்டுவிடு, அக்கா.)

கட்டியையும் தழும்பையும் பிரித்துச் சொல்லக்கூடிய ஒரு படம் உண்டு. வளரும் கட்டியில் புரதம் குவிந்திருக்கும். செத்த தழும்பில் அவ்வளவு இருக்காது. அந்தப் புரதத்தைத் தேடும் படம் அது. அதை எடுக்கும் கருவி மருத்துவமனையின் அடித்தளத்தில், ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதை ஆள்பவர்தான் நான் முன்பு சொன்ன இயற்பியலறிஞர். நாற்பது வயதுப் பெண்மணி. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, அந்தப் பெரிய காந்தத்துக்குள் வைத்துப் பரிசோதிப்பவர். வெள்ளைக்கரு என்பது புரதமும் நீரும்தானே. அதனால் அவருக்கு முட்டையம்மா என்று பெயர். வாசல் காவலாளி தினமும், "இன்னிக்குப் பச்சையா, அவிச்சதாம்மா?" என்று கேட்டுத்தான் கதவைத் திறப்பார். அவரும் ஒவ்வொரு நாளும் பொறுப்பாகப் பதில் சொல்லுவார்.

அவர் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். உடலில் நீரின் ஹைட்ரஜன்கள் கோடானுகோடி. புரதத்தில் ஒட்டியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஸ்கேன் கருவிக்குக் கேட்பது நீரின் பெருங்குரல் மட்டுமே. ஆனால் அந்தச் சிலருக்கு ஒரு குணம் உண்டு: இருந்த இடத்தில் இருக்கமாட்டார்கள். நீரின் ஹைட்ரஜன்களோடு ஓயாமல் இடம் மாற்றிக்கொள்வார்கள். ஆகவே அந்தச் சிலருக்கு மட்டுமே கேட்கும் ஒரு சுருதியில் வானொலி அலையைச் செலுத்தி அவர்களை ஊமையாக்குகிறார்கள். ஊமையானவர்கள் நீருக்குள் போகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த புதியவர்களும் ஊமையாகிறார்கள். சில நொடிகளில் நீரின் பெருங்குரலே ஒரு படி தாழ்கிறது. எவ்வளவு தாழ்ந்தது என்பதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிலர் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அதாவதும்மா, பொதுக்கூட்டத்துல ஒரு மூலையில நிக்கிற பத்துப் பேர் வாயை அடைக்கிறாங்க. அவங்க கூட்டத்துக்குள்ள கலந்துடறாங்க. அந்த மூலைக்கு யார் வந்தாலும் அவங்க வாயையும் அடைக்கிறாங்க. கடைசியில மொத்தக் கூட்டத்தோட கோஷமே குறையுது. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட சரி சார். ஆனா ஒண்ணு. வாயடைபட்டவங்க கொஞ்ச நேரத்துல தானாவே மறுபடி கத்த ஆரம்பிச்சிடுவாங்க."

"அதுதானேம்மா இயற்கை! அதுதானே நியாயம்!"

"உங்களுக்குச் சந்தோஷம். எனக்குத் தலைவலி. அவங்க கத்தறதுக்குள்ள நான் படம் எடுத்தாகணும்."

பழைய முறையில் இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு சுருதியில் ஊமையாக்கு, ஒரு படம் எடு, நீர் தன் குரலைத் திரும்பப் பெறும்வரை காத்திரு. பிறகு அடுத்த சுருதி. வானொலிப் பெட்டியின் முள்ளை ஒவ்வொரு கோடாக நகர்த்துவதுபோல. கடைசியில் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டால்தான் விடை. இடையில் தலை எள்ளளவு நகர்ந்தாலும் ஒப்பீடு பாழ்.

முட்டையம்மா கண்டுபிடித்தது விரைவு முறை.* காத்திருப்பே கிடையாது. குட்டிக்குட்டி அலைகளை விடாமல் அனுப்பி, ஒவ்வொன்றும் முடிந்த மறுகணமே படமும் எடுத்துவிடுவது. தேவையான சில சுருதிகளை மட்டும் தொட்டு, மிச்சத்தைக் கணக்கால் நிரப்புவது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

* அவர் முதலில் கண்டுபிடித்த தந்திரம் இதைவிட வேகமானது. காந்தப் புலத்தைச் சரிவாக்கி, குழாயின் ஒவ்வோர் உயரத்திலும் ஒவ்வொரு சுருதியை ஒரே வேளையில் ஊமையாக்குவது. குழாயில் அற்புதமாக நடந்தது, தலையில் நடக்கவில்லை. காரணம் கேட்டேன். "முட்டை எங்க தொட்டாலும் முட்டை, சார். தலை அப்படி இல்லையே." சில தலைவர்களை நினைத்துக்கொண்டேன், மறுத்துப் பேசவில்லை.

5

ஆனால் அக்காவுக்கு எடுத்தது பழைய முறையில். ஏனென்று பின்னால் வரும்.

நோய் வந்த பிறகு அவள் வலத்தோள் அவ்வப்போது தானாகத் துள்ளும். ஒரு நிமிடம்போல் மனத்தால் அழுத்திப் பிடிக்க அவளால் முடியும், தும்மலை அடக்குவதுபோல. அதற்குமேல் விட்டே ஆகவேண்டும். கருவி இருக்கும் அந்த அடித்தள அறையில் முழு மயக்கம் கொடுக்க வசதியில்லை. லேசான மயக்க மருந்து கொடுத்தால் தோள் இன்னும் குதூகலமாகத் துள்ளியது.

தோட்டைக் கழற்றினாள். கொண்டை ஊசியை எடுத்தாள். குளிர்ந்த பலகையில் படுத்தாள். ஸ்கேன் எடுப்பவர் அவள் காதில் பஞ்சு வைத்து, முகத்தின்மேல் ஒரு கூண்டை இறக்கினார். கைக்குள் ரப்பர் குமிழ் ஒன்றை வைத்தார். பயமாக இருந்தால் அமுக்கலாம்.

"அம்மா, அசையாம இருக்கணும். சரியா?"

"அசையாமலா? அது என் தொழில்ப்பா."

அவர் வயதானவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தார். பலகை உள்ளே போனது. கண்ணாடிக்கு இப்பால் நான் உட்கார்ந்தேன். தடதடவென்று சுவரே இடிவதுபோல் முழக்கம், சற்று அமைதி, மறுபடி முழக்கம், அமைதி.

வெளியே வந்தபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடம் உதிர்ந்திருந்தது. நல்ல நாடகம் முடிந்த இரவில் ஒப்பனை கலைக்காமல் வந்து நிற்பாளே, அந்த முகம். கன்னத்தில் கூண்டின் தடம். கண்ணில் ஒரு வெற்றி.

"எப்படி?" என்று கேட்டாள், ஸ்கேன் எடுப்பவரை.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லைம்மா. சட்டை மாத்திக்கங்க."

அவ்வளவுதான். ஒருவரும் கைதட்டவில்லை. அறிக்கை வந்தது. அதில் அந்த வரி இருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள். அன்று முழுவதும் பேசவில்லை. பேச்சு போனால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ஒரு நாள் பார்த்துவிட்டேன்.

6

[இந்தப் பகுதியில் நான் மருத்துவமனை வாசலில் ஆற்றிய உரை இருந்தது. நீளம் கருதி நீக்கப்பட்டது. நீக்கியவர் அக்கா.]

7

உண்மையை முதலில் மோப்பம் பிடித்தவர் முட்டையம்மா. அக்காவின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம். அசைஞ்சவங்க படம் மங்கலா இருக்கும். உங்களோட ஒவ்வொரு படமும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. இவ்வளவு தெளிவா யாருக்குமே வந்ததில்ல. ஆனா ஒண்ணுக்கொண்ணு பொருந்தல. அதாவது, படம் எடுக்கற நேரத்துல நீங்க கல்லு மாதிரி இருந்திருக்கீங்க. எடுக்காத நேரமாப் பார்த்து அசைஞ்சிருக்கீங்க. எப்படிம்மா அது?"

"ஏன், அப்படித்தானே இருக்கணும்?" என்றாள் அக்கா. "சத்தம் இருக்கறவரைக்கும் தோளைப் பிடிச்சுக்கிட்டேன். சத்தம் நின்னா திரை விழுந்துச்சுன்னு அர்த்தம். அப்ப விட்டுட்டேன். அடுத்த சத்தத்துக்குள்ள மறுபடி பிடிச்சுக்கிட்டேன்."

முட்டையம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பில்லை.

"உங்க அத்தான் அப்படித்தானேடா அடிப்பார்?" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேனா, உள்ள அவரே உட்கார்ந்து வாசிக்கற மாதிரி இருந்துச்சு. தாளம் கொஞ்சம் முரட்டுத்தனம். ஆனா அவரும் முரடுதான். ரொம்ப நாளைக்கப்புறம் நான் சந்தோஷமா இருந்தேன்டா, அதுக்குள்ள."

பிறகு முட்டையம்மா பக்கம் திரும்பினாள். "சத்தம் இல்லாதப்பவும் நாடகம் நடக்குதுன்னு யாராவது சொன்னாங்களா? அசையாதன்னாங்க. எதுவரைக்கும்னு சொல்லலையே."

"இது எங்க தப்பும்மா," என்றார் முட்டையம்மா.

"படத்தைக் கணினியிலேயே நகர்த்திப் பொருத்திட முடியாதா?" என்று நான் கேட்டேன்.

"பார்த்துட்டேன் சார். தலை திரும்பினா உள்ள இருக்கற காந்தப் புலமும் மாறிடுது. சுருதியே தப்பிடுது."

மறுபடி பழைய முறையிலேயே எடுத்தார்கள். இப்போது அக்காவுக்கு எல்லாம் தெரியும். அமைதியிலும் பிடித்துக்கொண்டாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, தோள் வென்றுவிட்டது. இம்முறை முழக்கத்தின் நடுவிலேயே துள்ளியது. வெளியே வந்தவள் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அவளால் ஒரு நிமிடம் பிடிக்க முடியும். முட்டையம்மாவின் முறைக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். இடையில் ஓசை நிற்பதும் கிடையாது. பூட்டும் சாவியும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பிறகு என்ன தடை?

8

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். படப்பிரிவின் தலைமை மருத்துவரைத் தேர்ந்தெடுத்தேன்.

[தலைமை மருத்துவர் மேசையைத் தட்டி எக்காளமிட்டுச் சிரித்தார். "ஏழைகளின் தலைக்குள் என்ன இருந்தால் எனக்கென்ன!" என்று கர்—]

அக்கா தாளைத் தள்ளிவிட்டாள். "அவர் சிரிச்சாரா?"

"இல்ல."

"அப்படிச் சொன்னாரா?"

"இல்ல. ஆனா நாடகத்துக்கு—"

"நம்ம நாடகத்துல வில்லனுக்கும் ஒரு நல்ல வசனம் இருக்கும்டா. அப்பதான் கதாநாயகி ஜெயிச்சா மதிப்பு. இவரோட வசனத்தை இவர் சொன்ன மாதிரியே எழுது."

எழுதுகிறேன். அவர் அறை சிறியது. மேசையில் ஆறிப்போன தேநீர். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே பேசினார். களைத்த மனிதர்.

"தப்பான படம், படமே இல்லாததைவிட மோசம், சார். புது முறை தழும்புன்னு சொல்லி, அது கட்டியா இருந்துச்சுன்னு வைங்க. நாம காத்துட்டே இருப்போம், அது வளர்ந்துட்டே இருக்கும். அப்புறம் நீங்க என்னைத்தான் வந்து கேட்பீங்க. கேட்கவும் வேணும்."

"புது முறை தப்பாச் சொல்லுதா?"

"அசையாதவங்ககிட்ட நல்லாவே சொல்லுது. பழைய முறையோட ஒப்பிட்டுப் பார்த்துட்டோம். அசையறவங்ககிட்ட எப்படின்னு தெரியாது. சோதிக்கல."

"ஏன் சோதிக்கல?"

"ஒப்பிடணும்னா அதே ஆளுக்குப் பழைய முறையிலயும் எடுக்கணுமே. அதுக்கு அசையாம படுக்கணும். அசைஞ்சவங்களை எல்லாம்..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க டாக்டர்."

"சோதனையிலேர்ந்து எடுத்துட்டோம்."

வாசகரே, இதைக் கேளுங்கள். அசையாதிருக்க முடியாதவர்களுக்காக ஒரு முறையைப் படைத்தார்கள். அதை, அசையாதிருக்க முடிந்தவர்களை வைத்துச் சோதித்தார்கள். எவருக்குத் தேவையில்லையோ அவரிடம் அது தேறிவிட்டது. எவருக்குத் தேவையோ அவரை, ஒத்துழைக்கவில்லை என்று எழுதி, வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இதில் எவரும் கெட்டவரில்லை. என் வாழ்நாளில் பார்த்த அநீதிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்தன என்று இந்த வயதில் தோன்றுகிறது. வில்லன்களை எழுதி எழுதி நான்தான் காலத்தை வீணாக்கினேன்.

"அக்காவுக்கு மட்டும் அந்த முறையில எடுத்துப் பாருங்களேன்," என்றேன்.

"எடுத்துடலாம். அந்த ஒரு படத்தை நம்பி, திறக்கறதா வேண்டாமான்னு எந்த அறுவை மருத்துவரும் முடிவு பண்ணமாட்டார். நான் அவரா இருந்தாலும் பண்ணமாட்டேன்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அசையறவங்க இருபது பேர் வேணும். ஒவ்வொருத்தரையும் ஒரே நாள்ல ரெண்டு தடவை விரைவு முறையில எடுப்போம். ரெண்டு தடவையும் ஒரே விடை வந்தா, இதை நம்பலாம்னு நானே கையெழுத்துப் போடறேன். ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கற குழுவும் ஒத்துக்கும். கேட்டுட்டேன்."

"எப்பக் கேட்டீங்க?"

"நீங்க வாசல்ல பேசினீங்களே, அன்னிக்கு."

(பகுதி 6-ஐ நீக்கியிருக்க வேண்டாமோ?)

"அந்த இருபது பேர் எங்கே, டாக்டர்?"

"தெரியல. திரும்பி வரவேண்டாம்னு நாங்கதானே அனுப்பி வெச்சோம்."

9

முடிவுகள்.

முதல் முடிவு: இருபது பேர் வருகிறார்கள். படம் தெளிகிறது. தழும்பு. அக்கா பழைய மேடையில் ஏறி நின்று, பழைய வரியைப் பேசுகிறாள். அவை எழுந்து நிற்கிறது. அக்கா இதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "கைதட்டலுக்கு எழுதியிருக்க. வாங்கிக்கோ." மூன்று முறை மெதுவாகத் தட்டினாள்.

இரண்டாம் முடிவு: இருபது பேர் வருகிறார்கள். படம் தெளிகிறது. கட்டி. திறக்கிறார்கள். [அக்கா கண் விழித்தாள். உதடு அசைந்தது. நான் குனிந்து காதை அருகே கொண்டு—] இதற்குமேல் என் கை ஓடவில்லை. நாற்பது ஆண்டு எழுத்தில் இதுதான் முதல் முறை.

மூன்றாம் முடிவு: எவரும் வரவில்லை. அறுவை மருத்துவர் அடுத்த மாதக் கடைசிவரைதான் காத்திருக்க முடியும் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே, தெரிந்துகொள்வதற்காகவே திறப்பார்கள். தழும்பைத் தேடி எடுக்கப் போய்ப் பேச்சையும் எடுத்துவிடுவார்களோ என்னவோ. இந்த முடிவை எழுத எனக்கு ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை. நாம் எல்லோரும் சும்மா இருந்தால் அது தன்னைத் தானே எழுதிக்கொள்ளும்.

"உனக்கு எந்த முடிவு வேணும்?" என்று அக்காவிடம் கேட்டேன்.

அவள் வலத்தோள் ஒரு முறை துள்ளியது. அது அடங்கும்வரை பொறுத்தாள்.

"கட்டியா இருந்தா திறக்கட்டும்டா. அதுக்கு நான் பயப்படல. பேச்சு போனா போகட்டும், நீதான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசறியே. ஆனா தெரியாம திறக்கக்கூடாது. நான் என்ன, பூட்டிக்கிடக்கற பெட்டியா, திறந்து பார்த்துக்கலாம்னு சொல்றதுக்கு?"

10

ஆகவே இந்தக் கதைக்கு முடிவெழுத மறுக்கிறேன். சோம்பலால் அல்ல. முடிவு என் கையில் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கை நடுங்கலாம். கழுத்து வெட்டி இழுக்கலாம். படுத்தால் இருமல் வரலாம். அந்தக் குழாய்க்குள் மூச்சு முட்டி, ரப்பர் குமிழை அமுக்கிவிட்டு, வெட்கத்தோடு வெளியே வந்தவராக இருக்கலாம். அவருக்கும் அந்த வரியை எழுதிக் கொடுத்திருப்பார்கள். தன்மேல்தான் பிழை என்று நினைத்து, அந்தத் தாளை எவரிடமும் காட்டாமல் அவர் வைத்திருப்பார். அவரிடம் போங்கள். பிழை உம்முடையதன்று என்று முதலில் சொல்லுங்கள். அதை அவரிடம் எவரும் இதுவரை சொல்லியிருக்கமாட்டார்கள். பிறகு, உம்மைப்போன்ற இருபது பேர் சேர்ந்து படுத்தெழுந்தால் இனி இந்த வரியை எவருக்கும் எழுத முடியாமல் போகும் என்று சொல்லுங்கள். அக்கா பெயரை முதலில் எழுதிக்கொண்டோம். மீதிக்கு ஆள் வேண்டும்.

அடித்தளம், படி இறங்கி இடப்பக்கம், இரண்டாவது கதவு. திங்கள் முதல் காலை வேளைகளில் திறந்திருக்கும். ஒரு நிமிடம் படுக்க வேண்டும். எழுந்து இளைப்பாறி, மறுபடி ஒரு நிமிடம்.

வேறு ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவரே, உமக்கும் வேலை இருக்கிறது. உம் ஊர் மருத்துவமனைக்குப் போய், படம் எடுக்கும் பிரிவின் முன் நின்று, ஒரே ஒரு கேள்வி கேளும்: உங்கள் சோதனையில் எவரையெல்லாம் விட்டுவிட்டு இது எல்லோருக்கும் ஆகும் என்கிறீர்கள்? விடை வரும்வரை அங்கிருந்து நகராதீர்.

நடுங்குகிறவர்களே, இருமுகிறவர்களே, அஞ்சுகிறவர்களே: எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இருக்கிறபடியே எழுந்து வாருங்கள். தனியாக வர முடியாதவரைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். திங்கட்கிழமை.